குத்புதீன் பாய் வைத்த வளையம்

பாலக்கரையில் குத்புதீன் பாய் கடை எது என்று கேட்டால் யாரும் கடையின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "எரிமலை தொங்குமே, அதான்" என்பார்கள். வாசலில் ஒரு தெர்மாகோல் எரிமலை கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். வெயிலில் வெளுத்து, மழையில் ஊறி, புகை வர வேண்டிய ஓட்டையில் குளவி கூடு கட்டி, பார்க்கவே கண்றாவியாக இருக்கும். இறக்கித் தொலையுங்கள் பாய் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "விளம்பரம்ப்பா, உனக்குத் தெரியாது" என்பார்.

அடுத்த கடை என்னுடையது. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் அப்ளிகேஷன். துறையூரிலிருந்து வந்து இங்கே கடை போட்ட நாளிலிருந்து எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். அதில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. டீ கிளாஸ் அந்த வழியாகத்தான் போகும், வரும். அவர் என்னைவிட மூத்தவர். என்னை வா, போ என்றுதான் பேசுவார். நான் மரியாதையாகத்தான் பேசுவேன், கோபம் வராத வரைக்கும்.

பேருக்குத்தான் ஸ்டேஷனரி கடை. நோட்டும் பேனாவும் விற்று அவர் வீட்டில் உலை கொதிக்கவில்லை. அவருடைய பிழைப்பு பள்ளிக்கூட புராஜெக்ட். அறிவியல் கண்காட்சி வந்துவிட்டால், பிள்ளைகள் செய்ய வேண்டிய மாடலைச் செய்து தரச் சொல்லி அம்மாக்களும் அப்பாக்களும் கடை வாசலில் வந்து நிற்பார்கள். இதயம், நீர்ச் சுழற்சி, காற்றாலை, சூரிய மண்டலம், அணு. பாய் எட்டாவது வரைக்கும்தான் படித்தவர். ஆனால் எந்த அணுவைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வார். "சோடியமா? ரெண்டு, எட்டு, ஒண்ணு. சாயங்காலம் வாங்க." நடுவில் ஒரு தெர்மாகோல் உருண்டை. அதைச் சுற்றி அலுமினியக் கம்பி வளையம். வளையத்தில் பாசிமணி. பாசிமணிதான் எலக்ட்ரான். கை சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். கம்பி முனை எங்கே சேர்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் தெரியாது.

ஒரு தடவை யாரோ ஆர்டர் கொடுத்த சூரிய மண்டலத்தை வாங்க வரவில்லை. இன்னொரு அம்மா அவசரமாக ஆக்சிஜன் வேண்டும் என்று வந்து நின்றார். பாய் கண்ணைச் சிமிட்டினார். சூரியனுக்கு மேல் சிவப்புப் பெயின்ட் அடித்தார். எட்டு கிரகத்தையும் கழற்றி, ஆறு வளையத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிச்ச இரண்டில் அதே எட்டையும் இரண்டும் ஆறுமாகக் கோத்துக் கொடுத்துவிட்டார். சனிக்கிரகத்தின் தட்டைக்கூட முழுசாகப் பிய்க்கவில்லை, மனுஷன். அந்த ஆக்சிஜனுக்கு முதல் பரிசு! நானும் அவரும் டீ புரையேறும்வரை சிரித்தோம்.

"பாத்தியா மாதவா," என்றார். "ஜட்ஜுக்கு வளையம் தெரியணும். வளையம் இருந்தா அணு. இல்லாட்டி அது வெறும் உருண்டை."

அன்றைக்குச் சிரித்த அந்தப் பேச்சை நினைத்தால் இப்போது எனக்கு எரிச்சலாக வருகிறது.

பாய்க்கு ஒரே மகள், இர்பானா. சின்ன வயதில் கடையில் உட்கார்ந்து பாசி கோத்துக் கொடுத்தவள்தான். கொரோனாவுக்கு முந்தின வருஷம் அவள் பதினொன்றாம் வகுப்பு. கெமிஸ்ட்ரியில் அணுவைப் பற்றிய பாடம் வந்ததும் பிள்ளைக்குப் பேய் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு வந்து அப்பாவிடம் சண்டைக்கு நின்றாள்.

"அத்தா, நீங்க செய்யற அணு தப்பு. எலக்ட்ரான் வளையத்துல சுத்தாது."

"யாரு சொன்னா?"

"புஸ்தகம் சொல்லுது. அப்படிச் சுத்தினா அதுக்குள்ள இருக்கிற சக்தியெல்லாம் போயி, நடுவுல இருக்கிற கருவுல போய் விழுந்துரும். அணுவே இருக்காது."

"என் அணு ஒண்ணுகூட விழுந்தது இல்லையேம்மா. ஃபெவிகால் போட்டுல்ல ஒட்டியிருக்கேன்!"

நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் வாய்விட்டுச் சிரித்தேன். அவள் என் பக்கம் திரும்பி முறைத்தாள். "மாமா, நீங்களுமா?"

சிரித்தேனே தவிர, அவள் சொன்னதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. கூட்டம் இல்லாத நேரத்தில் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லுவாள். எலக்ட்ரான் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாதாம். எங்கே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று மட்டும்தான் சொல்லலாமாம். அதற்கு ஆர்பிட்டால் என்று பேர். ஒரு ஆர்பிட்டாலில் இரண்டு பேருக்கு மேல் இடம் கிடையாது. ஒரே மாதிரி மூன்று ஆர்பிட்டால் காலியாக இருந்தால், முதலில் ஆளுக்கு ஒன்றாகத்தான் போய் உட்காருமாம். வேறு வழி இல்லை என்றால்தான் ஜோடி சேருமாம்.

"சத்திரம் பஸ் ஸ்டாண்டு லாட்ஜ் மாதிரின்னு சொல்லு," என்றேன்.

"லாட்ஜ்ல காசு குடுத்தா மூணாவது ஆளுக்கும் பாய் போடுவாங்க மாமா. இங்க யாரு வந்து கேட்டாலும் கிடையாது." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

அந்த வருஷம் மாவட்ட அளவில் ஒரு கண்காட்சி. மாவட்டத்துக்கு ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, கோடை விடுமுறையில் ஒரு மாதம் பெங்களூரில் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். விஞ்ஞானிகளோடு உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இர்பானாவுக்கு அது வேண்டும். பரிசுக் கோப்பை, ஷீல்டு எதுவும் வேண்டாம், அந்த ஒரு மாதம்தான் வேண்டும். அத்தாவிடம் அவள் எதையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"நைட்ரஜன் செய்யப் போறேன்," என்றாள். "வளையம் இல்லாம. பெட்டி மட்டும் நீங்க செஞ்சு குடுங்கத்தா. உள்ள இருக்கிறது முழுக்க நான். மாணவரே செய்யணும்னு ரூல் இருக்கு."

அவள் போட்ட திட்டத்தைக் கேட்டு நானே அசந்துவிட்டேன். என் கடையில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட் இருக்கும். அதை வாங்கிச் சதுரமாக வெட்டினாள். கெமிஸ்ட்ரி டீச்சரிடம் காலேஜ் புத்தகம் ஒன்றை வாங்கி, அதிலிருந்த எண்களைப் பார்த்து ஒவ்வொரு ஷீட்டிலும் மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்தாள். எலக்ட்ரான் இருக்க வாய்ப்பு அதிகமுள்ள இடத்தில் நெருக்கமாக, குறைந்த இடத்தில் தள்ளித் தள்ளி. அந்த ஷீட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக, நடுவில் சிறு இடைவெளி விட்டு அடுக்கினாள். பக்கத்திலிருந்து பார்த்தால், அம்மாடி, அந்தரத்தில் ஒரு மேகம் நின்றது. தொட முடியாது. ஓரம் எங்கே முடிகிறது என்றும் சொல்ல முடியாது.

மொத்தம் மூன்று பெட்டி. முதல் பெட்டியில் உருண்டையாக ஒரு மேகம், அதில் இரண்டு எலக்ட்ரான். அடுத்ததில் இன்னும் பெரிய உருண்டை, அதிலும் இரண்டு. மூன்றாவது பெட்டிதான் அழகு. முடிச்சுப் போட்ட இரண்டு பலூன் மாதிரி, மூன்று திசையில், மூன்று நிறத்தில். திசைக்கு ஒரு எலக்ட்ரான்.

"கொசு மொய்க்கிற மாதிரி இருக்கும்மா," என்று வம்புக்கு இழுத்தேன்.

"ஒரே ஒரு கொசுதான் மாமா. அது எங்கெல்லாம் இருக்கலாமோ அத்தனைக்கும் புள்ளி."

"இந்தப் பலூன்ல இருக்கும், அந்தப் பலூன்ல இருக்கும், நடு முடிச்சுல இருக்காதுங்கிற. அப்ப எந்த வழியா இங்கேருந்து அங்க போவுது?"

அவள் முகம் மலர்ந்ததே, அதை இப்போதும் நான் மறக்கவில்லை. "இதைத்தான் மாமா நானும் டீச்சர்கிட்ட கேட்டேன்! நடந்து போற மாதிரி நினைக்கக் கூடாதாம். அது அலை மாதிரியாம். ஆனா எனக்கு அது முழுசாப் புரியல. பெங்களூர் போனா கேப்பேன்."

பாய் பெட்டி செய்து கொடுத்தார். அதற்குள் மகள் அடுக்கிய ஷீட்டுகளைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். ராத்திரி கடை சாத்தும்போது என்னிடம் மட்டும் கேட்டார். "ஏம்பா, இதைப் பாத்தா அணுன்னு தெரியுதா உனக்கு?"

"எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப் போவுது பாய்? ஜட்ஜுக்குத் தெரியும். பேசாம இருங்க."

அவர் பேசாமல்தான் இருந்தார். கைதான் இருக்கவில்லை.

கண்காட்சி அன்று இர்பானா டீச்சரோடு பள்ளிக்கூட வேனில் போய்விட்டாள். மாடலை ஆட்டோவில் கொண்டு வந்து மேசையில் வைப்பது பாய் பொறுப்பு. அதில் அவருக்கு ஒரு பழக்கம். பேப்பர் சுற்றி, அட்டைப் பெட்டியில் இறக்கி, கயிறு கட்டிவிடுவார். ஹாலில் மேசை மேல் வைத்து, துணியைப் போர்த்தி, ஜட்ஜ் பக்கத்தில் வரும்போதுதான் எடுக்கச் சொல்லுவார். தூசி படாது, பக்கத்து மேசைப் பிள்ளை பார்த்துக் காப்பியும் அடிக்காது. நானும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே போனேன். ஷீட் என் கடை ஷீட் ஆயிற்றே.

ஜட்ஜுகள் இரண்டு மேசை தள்ளி வந்ததும் இர்பானா துணியை எடுத்தாள்.

மூன்று பெட்டியிலும் வளையம். பளபளவென்று அலுமினியக் கம்பி வளையம், அதில் பச்சைப் பாசி. முதல் பெட்டிக்கு இரண்டு, அடுத்ததற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று. விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து, மகள் எழுந்திருப்பதற்கு முன்னால் செய்திருக்கிறார். ஊசியைக் காய்ச்சிப் பெட்டியிலும் ஷீட்டிலும் துளை போட்டு, மேகத்துக்கு நடுவாகக் கம்பியை ஓட்டி, கடைசியில் முனை தெரியாமல் ஒட்டியிருக்கிறார். வேலை என்றால் வேலை. அவர் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக வேறு எதையும் செய்ததில்லை.

"பாய், என்ன காரியம் பண்ணியிருக்கீங்க?" என்றேன்.

"பாக்க ஒண்ணுமே இல்லாம இருந்துச்சுப்பா. புள்ள தோத்துடக் கூடாதுல்ல," என்றார். முகத்தில் அப்போதுகூட ஒரு சந்தோஷம். மகள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள் என்று நின்றுகொண்டிருந்தார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்து இழுத்தாள். மேல் ஷீட் படக்கென்று கீறியது. கையை எடுத்துவிட்டாள். அதற்குள் ஜட்ஜுகள் வந்துவிட்டார்கள்.

முன்னால் நின்றவர் ஒரு வயதான பேராசிரியை. பெட்டிக்குள் ஆசையோடு குனிந்தவர், நிமிரும்போது முகம் மாறியிருந்தது. கடிந்து பேசவில்லை. தன்மையாகத்தான் கேட்டார். "எலக்ட்ரான் இன்ன இடத்துல இருக்குன்னு சொல்ல முடியாதுன்னு எழுதி அனுப்பியிருக்க. அப்புறம் கம்பியில கோத்து வச்சிருக்கியேம்மா. இதுல எது நிஜம்?"

இர்பானா கீறிய ஷீட்டை விரலால் அழுத்திப் பிடித்தாள்.

"இந்த வளையத்தை யார் வச்சது?"

நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். பாய் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கம்பி வளைத்து வளைத்து இறுகிய கை. "பேசாத," என்று என் காதில் சொன்னார். "வெளியாள் கை வச்சான்னு தெரிஞ்சா லிஸ்ட்லேருந்தே எடுத்துருவாங்க. பேசாத, மாதவா."

மூன்று அடி தூரத்தில் அத்தா நிற்கிறார். வெள்ளைச் சட்டை, பெருநாளைக்கு எடுத்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஜட்ஜுக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

"நான்தான் மேடம் வச்சேன்."

"ஏம்மா?"

"பாக்க அழகா இருக்கும்னு."

"அழகா இருக்கணும்னு பொய் சொல்லக் கூடாதும்மா. சயின்ஸ்ல அது ஒண்ணுதான் கூடாது," என்று சொல்லிவிட்டு அந்த அம்மா அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி செய்த ஜாஸ்லின் என்கிற பெண் பெங்களூர் போனாள். நல்ல பிள்ளை, நன்றாகத்தான் செய்திருந்தாள். அவள் மேல் எனக்கு என்ன வருத்தம்.

திரும்பும்போது மூன்று பேரும் ஆட்டோவில் வந்தோம். பாலக்கரை திருப்பத்தில் பாய், "அம்மா..." என்று ஆரம்பித்தார். "பரவால்லத்தா, விடுங்க," என்றாள் இர்பானா. கோபித்து நாலு வார்த்தை கேட்டிருந்தால் அவர் அழுதாவது தீர்த்திருப்பார். அவள் அதற்கு வழியே விடவில்லை. வீட்டில் அவள் அம்மா நசீரா, என்னம்மா ஆச்சு என்று கேட்டதற்கு, "வேற பொண்ணுக்குக் கிடைச்சுதும்மா, நல்லா செஞ்சிருந்தா" என்று மட்டும் சொன்னாளாம்.

மறுநாளே பாய் வளையங்களைக் கழற்றினார். கம்பி வந்துவிட்டது. துளை போகவில்லை. மேகத்தின் நடுவில் வரிசையாக ஓட்டை.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து மார்க் வந்தது. கெமிஸ்ட்ரியில்தான் அதிகம். என் கடையில்தான் காலேஜ் அப்ளிகேஷன் போட வந்தாள். கெமிஸ்ட்ரிதானே என்று நானே டைப் செய்யப் போனேன். "பி.காம் போடுங்க மாமா," என்றாள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஏன், என்ன கேடு வந்தது, யாராவது படிக்காதே என்று சொன்னார்களா என்று கத்திவிட்டேன். கடையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அங்க போய்ப் பொய் சொல்லிட்டேன்ல மாமா," என்றாள். குரல்கூட உயரவில்லை. "அந்தப் புஸ்தகத்தைத் திறந்தா அதுதான் ஞாபகம் வருது. வேணாம்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் பாய் இருந்தார். அத்தனையும் கேட்டார். அன்றைக்கு ஓட்டை வழியாக டீ கிளாஸ் திரும்பி வரவில்லை. எட்டிப் பார்த்தால், ஆறிப்போன டீயை முன்னால் வைத்துக்கொண்டு கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

ஊரடங்கெல்லாம் முடிந்து ஒரு நாள் என்னிடம் வந்தார். "அந்த மேடம் வீடு எங்கன்னு கண்டுபிடிச்சுக் குடுடா. போய்ச் சொல்லணும்."

இர்பானாவின் பங்கேற்புச் சான்றிதழை லேமினேட் செய்தவன் நான்தான். ரங்கநாயகி என்று கையெழுத்து இருந்தது ஞாபகம் இருக்கிறது. விசாரித்ததில், ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார் என்று தெரிந்தது. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் இருவரும் போனோம். காவேரிப் பாலத்தில் பஸ் நின்று நின்று போயிற்று. பாய் வழி முழுக்க, சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சித்திரை வீதிப் பக்கம் ஓர் அடுக்குமாடியில் வீடு. அந்த அம்மா எங்களை உட்கார வைத்து, ஃபேனைப் போட்டு, மோர் கொடுத்தார். பாய் கிளாஸைத் தொடாமலே சொன்னார். "அம்மா, நைட்ரஜன் செஞ்சுது ஒரு புள்ள. அந்த வளையம் நான் வச்சது. அது வைக்கல."

அவருக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. "அந்தப் பொண்ணா? புள்ளி புள்ளியா வச்சிருந்தாளே! முன்னாடியே ரெண்டு பக்கம் விளக்கம் எழுதி அனுப்பியிருந்தா. காலேஜ்ல படிக்கறவாளே அப்படி யோசிக்க மாட்டா. முதல் இடம்னு மனசுல வச்சுண்டுதான் அந்த மேசைக்கே வந்தேன். கிட்டக்க வந்து பார்த்தா வளையம் தொங்கறது. தான் எழுதினதுக்குத் தானே விரோதமா யாராவது செய்வாளா? சரி, எழுதினது வேற யாரோ, பொண்ணுக்கு ஒண்ணும் புரியலைன்னு நினைச்சுட்டேன்."

பாய் மோர் கிளாஸைத் தள்ளி வைத்தார். "நான் சொன்னா ரூல் படி எடுத்துருவாங்கன்னு..."

"பெட்டி செஞ்சு குடுத்தா யார் கேக்கப் போறா? அங்க இருந்த பெட்டி அத்தனையும் யாராவது ஒருத்தரோட அப்பா செஞ்சதுதான். அதுக்கெல்லாமா எடுப்பா?" அந்த அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அங்கேயே இருந்தேளா? ஒரு வார்த்தை, நான் வச்சதுன்னு சொல்லியிருக்கப்படாதா? கழட்டச் சொல்லிட்டு மார்க்கைப் போட்டிருப்பேனே."

மகள் இப்போது என்ன படிக்கிறாள் என்று அவர் கேட்டார். பி.காம் என்றார் பாய். நாங்கள் எழுந்ததும் அந்த அம்மா வாசல்வரை வந்து, "என்னையும் மன்னிச்சுடச் சொல்லுங்கோ குழந்தையை," என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் நான், "இர்பானாகிட்ட சொல்லிடுங்க பாய். அவளுக்குத்தான் முதல் இடம்னு தெரியட்டும்," என்றேன்.

"கைக்கு வந்துட்டுப் போச்சுன்னு சொல்லச் சொல்றியா?" என்றார். "ஒரு தடவை போனது போதும்ப்பா. ரெண்டாவது தடவையும் நானே போக்க மாட்டேன்."

அதோடு அணு செய்வதை நிறுத்திவிட்டார். இதயம் வேண்டுமா, செய்வார். எரிமலை வேண்டுமா, செய்வார். அணு என்றால், "இல்லீங்க, வேற கடை பாருங்க" என்பார். வியாபாரம் பாதியாகக் குறைந்தது. பைத்தியக்காரத்தனம் என்று நான் திட்டினேன். அதற்கு அவர் சிரித்தாரே தவிர மாறவில்லை. சில நாள் மத்தியானத்தில் இர்பானாவின் பழைய பாடப் புத்தகத்தை எடுத்து, அந்த ஒரு பாடத்தை மட்டும் எழுத்துக்கூட்டிப் படிப்பார். எது புரிந்தது, எது புரியவில்லை என்று எனக்குத் தெரியாது. ஒரே ஒரு நாள் ஓட்டை வழியாக, "மாதவா, நடு முடிச்சுல அது இருக்கவே இருக்காதாம்ப்பா, நெசமாவே போட்டிருக்கான்," என்றார். தான் கம்பியை ஓட்டியது அங்கேதான் என்பதை அவர் சொல்லவில்லை.

போன வருஷம் பாய்க்குப் பக்கவாதம் வந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை, அல்லாவின் கருணை. ஆனால் வலது கை போய்விட்டது. பேச்சும் இழுத்து இழுத்துத்தான் வரும். இர்பானா ஒரு மருந்துக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். வேலை முடிந்து நேரே கடைக்கு வந்துவிடுவாள். வைத்தியச் செலவு, வீட்டு வாடகை எல்லாம் கழுத்தைப் பிடித்தன. ஒரு நாள் அவளே பலகையில் எழுதி வாசலில் மாட்டினாள். "அணு மாதிரிகள் செய்து தரப்படும்." எரிமலைக்குக் கீழே அது தொங்கியது. பாய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த ஜனவரியில் ஒரு சாயங்காலம். கைலாசபுரத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார், மகனுக்கு நைட்ரஜன் வேண்டும் என்று. அது வேண்டாம், கார்பன் வாங்கிக்கொள்ளுங்கள் என்று இர்பானா சொல்லிப் பார்த்தாள். ஸ்கூலில் நைட்ரஜன்தான் கொடுத்திருக்கிறார்கள் என்றார் அந்த அம்மா. இர்பானா உருண்டையை எடுத்தாள். கம்பியை வளைத்தாள். அவள் கையும் அப்பா கை மாதிரியே சுத்தம், முனை எங்கே சேர்ந்தது என்று தெரியவில்லை. உள் வளையத்தில் இரண்டு பாசி கோத்தாள். வெளி வளையத்தை எடுத்து ஐந்தைக் கோக்க ஆரம்பித்தாள்.

"நெஜமாவே இப்படித்தான் சுத்துமாங்க?" என்று கேட்டார் அந்த அம்மா, சும்மா பேச்சுக்கு.

இர்பானாவின் விரல் நின்றது. "இல்லைங்க, அது வந்து..." என்று நிமிர்ந்தாள். கண்ணில் பழைய வெளிச்சம் ஒரு நொடி வந்ததை நான் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். பிறகு குனிந்துகொண்டாள். "ஆமாங்க. இப்படித்தான். மோட்டார் வச்சா நிஜமாவே சுத்தும், அதுக்குத் தனி சார்ஜ்."

நாற்காலி கிறீச்சிட்டது. பாய் இடது கையை ஊன்றி எழுந்து நின்றார். உதடு ஒரு பக்கம் கோணிக்கொண்டு, நெற்றி நரம்பு புடைத்து, முழுப் பலத்தையும் கூட்டிச் சொன்னார்.

"அந்த... வளையம்... நான் வச்சது. எம் மக... வைக்கல."

எத்தனை வருஷமாக நெஞ்சில் வைத்திருந்தாரோ, அந்த ஹாலில் சொல்ல வேண்டிய வார்த்தை, ஒன்றுகூடக் குறையாமல் வந்துவிட்டது.

அந்த அம்மா பாயைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். பெரியவர் தன் வேலையைச் சொல்லிப் பெருமைப்படுகிறார் என்று நினைத்துவிட்டார், பாவம். "தெரியுங்க பாய். எங்க ஏரியாவுலயே உங்க பேரைத்தான் சொன்னாங்க. நீங்க வச்சா பிரைஸ்தானாமே," என்றார்.

பாய் வாயைத் திறந்தார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அப்படியே நின்றார்.

இர்பானா எழுந்து போய் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். "தெரியும்த்தா," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. வேட்டியைச் சரிசெய்துவிட்டு, கடைவாயைத் துண்டால் துடைத்துவிட்டாள். பிறகு மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து, மிச்சமிருந்த பாசியைக் கோக்க ஆரம்பித்தாள்.